மரபியல் சங்கம் எதற்கு? தனியே எண்ணியதைச் சபையில் வைப்பது பற்றி

மரபியல் படிக்கும் மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது: “இந்தச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால் என்ன சான்றிதழ் கிடைக்கும்?” கேட்பவர்மீது குறையில்லை. அறிவியல் சங்கம் என்ற சொல்லை நாம் எல்லோருமே அவ்வளவு தளர்வாகத்தான் பயன்படுத்துகிறோம். ‘மரபியல் சங்கம் கண்டுபிடித்துள்ளது’ என்று செய்தி வருகிறது. சங்கம் எதையும் கண்டுபிடிப்பதில்லை. ‘சங்கத்தின் உறுப்பினர்’ என்று ஒருவர் தம் பெயருக்குக் கீழே எழுதினால் அதைப் பட்டம் என்று படிக்கிறோம். பெரும்பாலான சங்கங்களில் அது சந்தா செலுத்தியதற்கான அடையாளம் மட்டுமே. ஆய்வுக்குப் பணம் வேண்டுமென்றால் சங்கத்தை அணுகலாம் என்று சிலர் நம்புகிறார்கள். ஓர் ஆய்வுத் திட்டத்தை முழுமையாக நடத்தும் அளவுக்குப் பணம் வைத்திருக்கும் சங்கங்கள் மிகச் சில.

இவை எதுவும் இல்லையென்றால் சங்கம் என்னதான் செய்கிறது? குறிப்பாக, ஒரு வட்டாரத்துக்குள் இயங்கும் சிறிய மரபியல் சங்கம், இப்போதுதான் ஆய்வகத்துக்குள் கால் வைத்திருக்கும் ஒரு மாணவருக்கு என்ன தருகிறது? இந்தக் கட்டுரை அதைத் தொடக்கத்திலிருந்து விளக்குகிறது. மரபியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது

நீங்கள் எழுதிய கடிதத்தை நீங்களே பத்து முறை படித்துப் பாருங்கள். விட்டுப்போன ஒரு சொல் பத்தாவது முறையும் கண்ணில் படாது. என்ன எழுத நினைத்தீர்களோ அதைத்தான் மனம் படிக்கிறது. தாளில் இருப்பதைப் படிப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அவர் உங்களைவிட அறிவாளி என்பதால் அல்ல, உங்கள் எண்ணம் அவர் மனதில் இல்லை என்பதால்.

ஆய்விலும் இதேதான் நடக்கிறது. மரபியலில் இதற்கு அழகான சான்று ஒன்று இருக்கிறது. நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை, சிறு சிறு கட்டுகளாகச் சுருண்டு கிடக்கிறது. அந்தக் கட்டுகளுக்குப் பெயர் குரோமோசோம். மனிதனுக்கு அவை எத்தனை? தியோஃபிலஸ் பெயின்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் முதலில் 46, 48 என்ற இரண்டு எண்களுக்கு நடுவே தயங்கி, 1923இல் 48 என்று முடிவு கட்டினார். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்கள் 48 என்றே அச்சிட்டன. 1952இல் டி. சி. ஹ்சு என்பவர் உயிரணுக்களை நீர்த்த கரைசலில் ஊறவைத்தால் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பிரிந்து பரவுவதைக் கண்டார். முன்பைவிடத் தெளிவாக எண்ண வழி கிடைத்துவிட்டது. ஆனாலும் அவர் எண்ணி எழுதியது 48 என்றுதான்! எல்லோரும் சொன்ன எண் மனதில் குடியிருந்தபோது, கண் அதையே எண்ணியது.

1955 டிசம்பரில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோ என்ற ஆய்வாளர் எண்ணிப் பார்த்தபோது 46 வந்தது. மறுபடி எண்ணினார், மறுபடியும் 46. 1956இல் அவரும் ஆல்பர்ட் லெவானும் அதை வெளியிட்டார்கள். வெளியிட்ட ஆய்விதழின் பெயர் ‘ஹெரெடிடாஸ்’. அதை 1920இல் தொடங்கியது லுண்ட் நகரின் மெண்டலியச் சங்கம். அதாவது ஒரு நகரத்தைச் சார்ந்த மரபியல் சங்கம். அதே 1956இல் கோபன்ஹேகனில் கூடிய முதல் உலக மனித மரபியல் மாநாட்டில் அந்தக் குரோமோசோம்களின் படங்களை மற்ற ஆய்வாளர்கள் நேரில் பார்த்தார்கள். முப்பது ஆண்டு நம்பிக்கை மாறியது. மனித உடலைப் பற்றிய ஓர் அடிப்படை எண், ஒரு வட்டாரச் சங்கத்தின் இதழ் வழியே திருத்தப்பட்டது என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் செய்தி.

இதுவரை பார்த்தது: ஆய்வாளர் தாம் எதிர்பார்ப்பதையே காணும் ஆபத்து எப்போதும் உண்டு. அதிலிருந்து மீள, அந்த எதிர்பார்ப்பு இல்லாத கண்கள் வேண்டும். அவை தற்செயலாகக் கிடைக்கும் என்று காத்திருக்காமல், குறித்த நாளில் குறித்த இடத்தில் கிடைக்கச் செய்யும் ஏற்பாடுதான் அறிவியல் சங்கம்.

மெண்டலுக்கு ஒரு சங்கம் இருந்தது

மரபியல் என்ற துறையே ஒரு வட்டாரச் சங்கத்தின் கூட்டத்தில்தான் முதல் முறை வாய் திறந்தது. கிரெகோர் மெண்டல் என்ற துறவி 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஒன்றோடொன்று கலந்து வளர்த்தார். ஏறக்குறைய 28,000 செடிகள். ஒவ்வொரு தலைமுறையிலும் எத்தனை விதை உருண்டை, எத்தனை விதை சுருக்கம் என்று எண்ணினார். கலப்பின் முதல் தலைமுறையில் எல்லா விதையும் உருண்டை. அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. மறைந்துபோனதாகத் தோன்றிய பண்பு மறையவில்லை. உள்ளே ஒளிந்திருந்து, கணக்குத் தவறாமல் திரும்பி வந்தது. பண்புகளைக் கொண்டுசெல்லும் அந்த அலகையே நாம் இன்று மரபணு என்கிறோம்.

இதை அவர் எங்கே சொன்னார்? தலைநகரின் பெரிய கழகத்தில் அல்ல. புருன் நகரத்து இயற்கை அறிவியல் சங்கத்தின் கூட்டத்தில், 1865 பிப்ரவரி 8 அன்றும் மார்ச் 8 அன்றும் இரண்டு பகுதிகளாகப் பேசினார். அந்த நகரம் இன்று செக் நாட்டின் புர்னோ. சங்கம் அடுத்த ஆண்டு அவருடைய கட்டுரையைத் தன் இதழில் அச்சிட்டது. மெண்டல் 40 தனிப்படிகள் வாங்கிக்கொண்டார்.

சங்கம் மேடை கொடுத்தது, அச்சிட்டது, பல நகரங்களின் நூலகங்களுக்கு இதழை அனுப்பியது. தன் கடமையில் அது குறை வைக்கவில்லை. ஆனாலும் அந்தச் சோதனையைக் கையிலெடுத்துத் தொடர யாரும் முன்வரவில்லை. தாவரங்களைத் திரட்டுவோர், பாறைகளை ஆராய்வோர், வானிலையைக் குறித்துவைப்போர் என்று பல ஆர்வங்கள் கூடிய அவை அது. செடிகளைக் கலந்து, பிறந்தவற்றை எண்ணி, விகிதம் காணும் வழக்கம் உள்ள இன்னொருவர் அதில் இல்லை.

மெண்டல் பிறகு மியூனிக் நகரின் புகழ்பெற்ற தாவரவியலாளர் கார்ல் நேகெலிக்குக் கடிதம் எழுதினார். ஏழு ஆண்டுகள் அந்தக் கடிதத் தொடர்பு நீடித்தது. நேகெலி பட்டாணி முடிவுகளை ஐயத்தோடுதான் பார்த்தார். அவருடைய ஈடுபாடு ஹைராசியம் என்ற செடியில் இருந்தது. மெண்டல் அந்தச் செடியோடு ஆண்டுக்கணக்கில் போராடினார். பட்டாணியில் வந்த விகிதம் அதில் வரவேயில்லை. காரணம் பின்னாளில்தான் தெரிந்தது: ஹைராசியம் பெரும்பாலும் கருவுறாமலேயே விதை தரும் செடி. அதில் தந்தையின் பங்கே இல்லாதபோது விகிதம் எங்கிருந்து வரும்?

1884இல் மெண்டல் இறந்தார். 1900இல் ஹூகோ டி விரீஸ், கார்ல் காரென்ஸ், எரிச் ஷெர்மாக் ஆகிய மூவர் அவருடைய விதிகளை மீண்டும் வெளிக்கொண்டு வந்தார்கள். அந்த மூவரில் காரென்ஸ், நேகெலியிடம் படித்தவர். செய்தி அவ்வளவு அருகில் கிடந்தும், எடுக்க 34 ஆண்டுகள் ஆயின.

இந்தக் கதையை மேதையை உலகம் புரிந்துகொள்ளவில்லை என்ற புலம்பலாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. மெண்டலுக்கு அவை இருந்தது, அதே வேலையைச் செய்யும் துணை இல்லை. மூத்தவர் ஒருவர் இருந்தார், ஆனால் ஒருவர்தான் இருந்தார். இன்று ஓர் ஆய்வகத்தில் ஒரே நெறியாளரை மட்டும் நம்பி நான்கைந்து ஆண்டுகளைக் கழிக்கும் மாணவர், ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறார். நெறியாளர் ஹைராசியத்தைக் காட்டினால் ஹைராசியம்தான். வேறு திசை இருப்பதைச் சொல்ல ஆள் கிடையாது.

துறைக்கென ஒரு சங்கம்

பெயரில்லாத துறைக்குச் சங்கம் அமைப்பது கடினம். ‘ஜெனிட்டிக்ஸ்’, அதாவது மரபியல், என்ற சொல்லையே வில்லியம் பேட்சன் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் 1905இல் ஒரு கடிதத்தில்தான் முன்வைத்தார். 1919இல் பேட்சனும் எடித் ரெபெக்கா சாண்டர்ஸும் சேர்ந்து பிரிட்டனில் மரபியலுக்கென்றே ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்க மரபியல் சங்கம் 1931இல் உருவானது. மனித மரபியலுக்கான அமெரிக்கச் சங்கம் 1948இல். இவற்றைப் போன்ற நாடு தழுவிய சங்கங்களுக்குக் கீழேயும் பக்கத்திலும், சில மாநிலங்களையோ மாவட்டங்களையோ மட்டும் எல்லையாகக் கொண்ட வட்டாரச் சங்கங்கள் பல நாடுகளில் இயங்குகின்றன.

அப்படியானால் அறிவியல் சங்கம் என்பதை இப்படி வரையறுக்கலாம்: ஒரே துறையில் வேலை செய்பவர்கள், தாங்கள் எந்த நிறுவனத்தில் பணிபுரிந்தாலும் சரி, ஒருவர் வேலையை மற்றவர் கேட்கவும் சோதிக்கவும் பகிரவும் தாங்களே அமைத்துக்கொண்ட தன்னாட்சி அமைப்பு. பல்கலைக்கழகம் பட்டம் தரும். அரசின் நிதி நிறுவனங்கள் பெரிய நிதி தரும். மருத்துவ மரபியலர் பணிக்கு உரிமம் தருவதற்குத் தனி வாரியங்கள் இருக்கும். சங்கம் இவற்றில் எதையும் செய்வதில்லை. அதன் பொறுப்பாளர்கள் பெரும்பாலும் ஊதியமின்றி, தம் சொந்த வேலைக்கு நடுவே இதைச் சுமப்பவர்கள்.

சிறிய வட்டத்தின் பலம்

பெரிய மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். ஒரே நேரத்தில் பல அரங்குகளில் உரைகள் நடக்கும். எந்த அரங்குக்குப் போனாலும் மற்றவற்றைத் தவறவிட்டே ஆக வேண்டும். பேச்சாளர் இடங்கள் மூத்தவர்களுக்கே போய்விடும். மாணவருக்குக் கிடைப்பது ஆய்வை விளக்கும் நூற்றுக்கணக்கான போஸ்டர்களுக்கு நடுவே ஒரு பலகை.

வட்டாரச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வேறு மாதிரி. வருபவர் எண்ணிக்கை ஒரே அரங்கில் அடங்கிவிடும். ஈஸ்ட் ஆராய்பவர், கோதுமை ஆராய்பவர், குழந்தைகளின் பிறவி நோய்களைக் கவனிக்கும் மருத்துவர் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, எல்லோருடைய உரையையும் கேட்பார்கள். முதலாண்டு மாணவர் பேசும்போதும் அரங்கு அதே அரங்கு. பல சங்கங்கள் மேடை நேரத்தின் கணிசமான பகுதியை மாணவர்களுக்கென்றே ஒதுக்குகின்றன. பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரே நாளில் வந்துசேரும் தூரம் என்பதால், பணமில்லாத ஆய்வகமும் தன் மாணவர்களை அனுப்பலாம்.

இன்னொன்று: அங்கே சந்தித்தவரை அடுத்த ஆண்டும் சந்திப்பீர்கள். சென்ற ஆண்டு கேட்ட கேள்விக்கு இந்த ஆண்டு பதிலோடு வரலாம். பெரிய மாநாட்டில் ஒரு முறை பேசிய முகம் மறுபடி எதிர்ப்படுவதே அரிது.

போஸ்டருக்கு முன்னால் நடப்பது

இப்போது இயங்குமுறைக்குள் போவோம். கூட்டத்துக்குச் சில மாதங்களுக்கு முன் மாணவர் ஆய்வுச் சுருக்கம் ஒன்றை அனுப்புகிறார். தன் கேள்வி, செய்த முறை, கிடைத்த முடிவு மூன்றையும் இருநூற்றைம்பது சொற்கள்போல் அடக்கிச் சொல்வது ஆய்வுச் சுருக்கம். இதை எழுதும்போதே பாதிப் பயன் கிடைத்துவிடும். தன் கேள்வி என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத முடியாமல் திணறும் மாணவர், இதுவரை அந்தக் கேள்வி தனக்கே தெளிவாக இல்லை என்பதைக் கண்டுகொள்கிறார்.

பிறகு உரை அல்லது போஸ்டர். போஸ்டர் என்பது ஆய்வு முழுவதையும் ஒரே பெரிய தாளில் படங்களாகவும் சிறு பத்திகளாகவும் வைத்து, பக்கத்தில் நின்று விளக்குவது. பார்ப்பவர் இடையில் நிறுத்துவார், விரலால் ஒரு படத்தைக் காட்டுவார், கேட்பார்.

ஒரு மாணவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோய் உள்ளவர்களின் இரத்த மாதிரிகளையும் நலமானவர்களின் மாதிரிகளையும் ஒப்பிட்டு, எந்த மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்கின்றன என்று அளந்திருக்கிறாள். முடிவு பளிச்சென்று இருக்கிறது: நூற்றுக்கணக்கான மரபணுக்களில் வேறுபாடு. அவளுடைய ஆய்வகத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. போஸ்டருக்கு முன் ஒருவர் வந்து நிற்கிறார். பயிர் மரபியல் ஆராய்பவர். அந்த நோயைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அவர் கேட்பது ஒன்றே ஒன்று: “இரண்டு குழுவின் மாதிரிகளையும் ஒரே நாளில் கருவியில் ஏற்றினீர்களா?”

இல்லை. நோயாளிகளின் மாதிரிகள் ஒரு வாரம், மற்றவர்களின் மாதிரிகள் இன்னொரு வாரம்.

அவ்வளவுதான். அவள் கண்டது நோயின் வேறுபாடா, இரண்டு வாரங்களின் வேறுபாடா என்று இனிப் பிரித்துச் சொல்லவே முடியாது. மாதிரியைக் கையாண்ட நாள், ஆள், கருவி, வேதிப்பொருள் ஆகியவற்றால் வரும் மாற்றம், உயிரியல் மாற்றம்போல வேடமிட்டு நிற்பதற்குத் தொகுதி விளைவு என்று பெயர். தீர்வு எளிது: இரு குழுக்களையும் கலந்து, ஒவ்வொரு நாளும் இரண்டிலிருந்தும் சில மாதிரிகளை ஏற்ற வேண்டும். ஆனால் அதைச் சோதனை தொடங்கும் முன் செய்ய வேண்டும். அந்த மாணவிக்கு அன்று இரவு தூக்கம் வராது, உண்மைதான். ஆனால் அச்சில் ஏறிய பிறகு தெரிவதைவிடப் போஸ்டர் நிலையில் தெரிவது எவ்வளவோ மேல்.

இது கற்பனை மாணவி. நடந்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து, அவர் அறியாமலேயே, எடுக்கப்பட்ட உயிரணுக்கள் ஆய்வகத்தில் ஓயாமல் பெருகின. ஹீலா என்று பெயரிடப்பட்டு அவை உலகெங்கும் போயின. 1966இல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலர், உயிரணு வளர்ப்பு ஆய்வாளர்களின் மாநாடு ஒன்றில் எழுந்து, வெவ்வேறு மனிதர்களின் வெவ்வேறு உறுப்புகளிலிருந்து வந்தவை என்று கருதப்பட்ட பல உயிரணு வகைகள் உண்மையில் ஹீலாவே என்று காட்டினார். ஒரு நொதியின் மரபு வடிவத்தை வைத்து அவர் அதைக் கண்டுபிடித்தார். ஆப்பிரிக்க வழியினரிடம் காணப்படும் அந்த வடிவம், ஐரோப்பிய வழியினரின் உயிரணுக்கள் என்று பெயரிட்ட குடுவைகளிலும் இருந்தது. அவையில் இருந்த பலருக்கு அது தங்கள் பல்லாண்டு உழைப்பின்மேல் விழுந்த அடி. கார்ட்லரோ உயிரணு வளர்ப்புத் துறைக்கு வெளியிலிருந்து வந்தவர். போஸ்டர் முன் நிற்கும் பயிர் மரபியலரைப் போலத்தான்.

சுருங்கச் சொன்னால்: ஆய்வுச் சுருக்கம் கேள்வியைத் தெளிவாக்குகிறது, போஸ்டர் அதைத் திறந்த வெளியில் வைக்கிறது, பக்கத்துத் துறைக்காரர் நம் ஆய்வகத்தில் யாருக்கும் தோன்றாததைக் கேட்கிறார். ஆய்விதழுக்கு அனுப்பிய பிறகு, பெயர் தெரியாத நிபுணர்கள் கட்டுரையைப் படித்துக் குறை சொல்லும் சக ஆய்வாளர் மதிப்பாய்வு என்ற படி வேறு இருக்கிறது. சங்கக் கூட்டம் அதற்கு முந்தைய படி. திருத்திக்கொள்ள நேரம் இருக்கும் படி.

மணிமாலையை அறுத்த மாணவர்

மாணவர்கள் சங்கத்தில் பெற்றுக்கொள்பவர்கள் மட்டுமே என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் கொடுப்பவர்களும்தான். இதற்கு ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் பழ ஈக்களை வளர்த்து ஆராய்ந்துவந்தார். நெருக்கமான சிறிய அறை, அடுக்கடுக்காகப் பால்புட்டிகள், அவற்றுக்குள் ஈக்கள். பேராசிரியர், மாணவர் என்ற வேறுபாடு அங்கே பேச்சுக்குக் குறுக்கே நிற்கவில்லை. இளநிலை மாணவரான ஸ்டர்ட்டிவன்ட்டும் அங்கேதான் வேலை செய்தார். 1911இன் பிற்பகுதியில் மார்கனோடு பேசிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒன்று பளிச்சிட்டது.

ஒரு மணிமாலையை முடிச்சவிழ்த்து நேராக நீட்டிவையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓரிடத்தில் வெட்டுங்கள். பக்கத்துப் பக்கத்து மணிகள் இரண்டும் ஒரே துண்டில் தங்கிவிடவே வாய்ப்பு அதிகம். இரு முனைகளில் இருக்கும் மணிகள் ஏறக்குறைய எப்போதும் பிரிந்துவிடும். குரோமோசோமில் மரபணுக்கள் மணிகளைப்போல வரிசையாக இருக்கின்றன. முட்டையும் விந்தும் உருவாகும்போது, தாய்வழி வந்த குரோமோசோமும் தந்தைவழி வந்ததும் ஓரிடத்தில் அறுந்து துண்டுகளை மாற்றிக்கொள்ளும். இதற்குக் குறுக்கேற்றம் என்று பெயர். அப்படியானால் இரண்டு பண்புகள் எத்தனை ஈக்களில் பிரிந்து போகின்றன என்று எண்ணினால், அவற்றின் மரபணுக்கள் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்று தெரிந்துவிடும்! நுண்ணோக்கி தேவையில்லை, எண்ணிக்கை போதும்.

ஸ்டர்ட்டிவன்ட் அன்று தரவுகளை வீட்டுக்கு எடுத்துப்போய், வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, இரவின் பெரும்பகுதி உட்கார்ந்து உலகின் முதல் மரபணு வரைபடத்தை வரைந்தார். 1913இல் அது வெளிவந்தது. எண்ணிக்கைகள் ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருந்தன. அவற்றை வேறு விதமாகப் பார்க்க ஓர் இளைஞர் வேண்டியிருந்தது, அவர் பேச அனுமதிக்கும் சூழலும் வேண்டியிருந்தது. எல்லா ஆய்வகமும் மார்கனின் அறையைப்போல இருந்துவிடாது. அப்படி இல்லாத ஆய்வகத்து மாணவருக்கு ஆண்டுக்கு இரண்டு நாளாவது அந்த அறையின் காற்று கிடைக்கட்டும் என்பதே வட்டாரச் சங்கத்தின் இருப்புக்கு நான் காணும் முதல் நியாயம்.

பகிர்வும் பணமும்

மரபியலர்களிடம் ஒரு பழைய நல்ல பழக்கம் உண்டு: உயிருள்ள பொருளைப் பகிர்வது. ஒரு குறிப்பிட்ட மாற்றம் கொண்ட ஈ வகையை ஒருவர் உருவாக்கினால், கேட்பவருக்குப் புட்டியில் வைத்து அனுப்பிவிடுவார். யாரிடம் எந்த வகை இருக்கிறது என்று பட்டியலிட்டுச் சொல்ல, 1934 முதல் பழ ஈ ஆய்வாளர்களுக்கென ஒரு தகவல் மடலே வந்தது. இந்தப் பழக்கத்தை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுவதும் சங்கக் கூட்டங்கள்தான். அஞ்சலில் கேட்கத் தயங்கும் மாணவர் நேரில் கேட்டுவிடுவார்.

உயிரினம் வேறாக இருந்தாலும் மரபணு பெரும்பாலும் உறவுதான் என்பதையும் மறக்கக் கூடாது. பழ ஈயில் ஒரு மரபணு கெட்டால் கண் உருவாகாது. அதற்கு நிகரான மரபணு மனிதரில் கெட்டால் கண்மணியைச் சுற்றியுள்ள வண்ண வளையமான கருவிழிப்படலம் (ஐரிஸ்) இல்லாமல் குழந்தை பிறக்கும். 1995இல் வால்டர் கேரிங்கின் குழு, எலியின் அந்த மரபணுவை ஈயின் காலில் வேலை செய்ய வைத்தபோது, காலில் கண் திசு முளைத்தது. எலிக் கண் அல்ல, ஈயின் கண். ஈ ஆராய்பவரும் கண் மருத்துவரும் ஒரே அரங்கில் உட்காருவது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

பணத்தைப் பற்றியும் திறந்து சொல்ல வேண்டும். வட்டாரச் சங்கத்தின் வருவாய் சந்தா, கூட்டப் பதிவுக் கட்டணம், ஆய்வுக் கருவி நிறுவனங்களின் ஆதரவு, மறைந்த உறுப்பினர்களின் நினைவாக வைக்கப்படும் சிறு நிதிகள் ஆகியவற்றிலிருந்து வருகிறது. மாணவருக்குச் சந்தாவும் கட்டணமும் குறைவு. சிறந்த உரைக்கும் போஸ்டருக்கும் சிறு பரிசு, வர முடியாதவருக்குப் பயண உதவித்தொகை. தொகை சிறியதுதான், ஆனால் ஒருவர் வருவதா வராமல் இருப்பதா என்பதை அதுவே தீர்மானித்துவிடும்.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பல இடங்களில் பயண உதவித்தொகை, மாணவர் முதலில் கைப்பணத்தைச் செலவழித்துவிட்டு ரசீது காட்டினால் பல வாரம் கழித்துத் திரும்பி வருகிறது. கையில் பணம் இல்லாதவருக்காக வைத்த உதவி, கையில் பணம் இருப்பவருக்கு மட்டும் பயன்படுகிறது. டிக்கெட்டை நேராக வாங்கிக் கொடுத்துவிடும் சங்கங்களும் இருக்கின்றன. அது பொருளாளருக்குக் கூடுதல் வேலை. ஆனாலும் செய்ய முடிகிற வேலை.

சங்கம் சொன்னால் உண்மையாகிவிடுமா?

ஆகாது. சங்கம் கேள்விக்கான இடம். தீர்ப்புக்கான இடம் அல்ல. பலர் கூடி ஒப்புக்கொண்டதாலேயே ஒன்று சரியாகிவிடுவதில்லை என்பதற்கு 48 குரோமோசோம் ஒரு சிறு உதாரணம். பெரிய, வேதனையான உதாரணம் இனமேம்பாட்டுவாதம். ‘நல்ல’ மரபு உள்ளவர்கள் பெருக வேண்டும், மற்றவர்கள் பிள்ளை பெறக் கூடாது என்ற அந்தக் கொள்கையை இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பல மரபியலர்கள் ஆதரித்தார்கள். அதன் பெயரால் கட்டாயக் கருத்தடைச் சட்டங்கள் பல நாடுகளில் வந்தன. நாஜி ஜெர்மனியில் அது கொலைவரை போனது. மனித மரபியலுக்கான அமெரிக்கச் சங்கம் தன் தொடக்ககாலத் தலைவர்கள் சிலருக்கு அந்த இயக்கத்தோடு இருந்த தொடர்பை ஆராய்ந்து, 2023இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. தன் பதிவேடுகளைத் தானே திறந்து படித்ததால்தான் அது முடிந்தது. மாணவர்கள் இந்த வரலாற்றையும் சங்கத்தின் மேடையிலேயே கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வகுப்பில் இது ஒரு பத்தியாகக் கடந்துபோய்விடுகிறது.

முதல் முறை போகிறவருக்கு

முடிவு முழுமையாகட்டும், பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். முடிவே இல்லாமல், பார்வையாளராகவும் போகலாம். உங்கள் துறைக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு போஸ்டரைத் தேர்ந்தெடுங்கள். அங்கு நிற்கும் மாணவரிடம் முழுவதையும் விளக்கச் சொல்லுங்கள். அவர் அதற்காகத்தான் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டிருக்கிறார். புரியாத சொல் வந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். படத்தில் ஓர் எண் இருக்கும். அதைக் காட்டி, “இதை எப்படி எண்ணினீர்கள்?” என்று கேளுங்கள். பெயின்டரைக் கேட்டிருக்க வேண்டியதும் ஹ்சுவைக் கேட்டிருக்க வேண்டியதும் அதே கேள்விதான்.